ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்தபோது

என் பெயரில் வந்த ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தால் பட்டியல் நடுவில் உடைந்துபோனதுபோல் இருக்கும். முதல் பாதி முழுக்க லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய், பிற்பாதி முழுக்க நுரையீரல் புற்றுநோய். ஏன் துறை மாறினீர்கள் என்று மாணவர்கள் கேட்கிறார்கள், கருத்தரங்குகளில் புதிதாக அறிமுகமாகிறவர்களும் கேட்கிறார்கள். மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்பட்ட புற்றுநோய் அப்புறம் ஏன் திரும்பி வருகிறது என்ற ஒரே கேள்வியின் பின்னால்தான் இரண்டு பாதியிலும் போய்க்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்குப் பதில் தேட நோயாளியிடமிருந்து நமக்குக் கிடைக்கிற பொருள் இரண்டு நோயிலும் ஒன்றல்ல. எது கட்டுரையாகிறது, எது ஆகாமலே போகிறது என்பதை அந்தப் பொருள்தான் தீர்மானிக்கிறது. பல வருடம் இரண்டு பக்கமும் வேலை செய்த பிறகு எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

நான் ஆய்வுக்கூடத்துக்குள் வந்த காலத்தில் நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியாதான் எங்களுக்கெல்லாம் முதல் பாடம். 1960-ல் நோவெல், ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்துக்கு மாறாகக் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள், அதுதான் பிலடெல்பியா குரோமோசோம். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது உருவாகிறது என்று 1973-ல் ஜேனட் ரௌலி காட்டினார். அப்போது ஒட்டிக்கொள்ளும் இரண்டு மரபணுக்களிலிருந்து வரும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம் செல்லைப் பெருகு பெருகு என்று ஓயாமல் தூண்டுகிறது. அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தை முதல் சிகிச்சையாக எடுத்துக்கொண்டவர்களில் 10 வருடம் கழித்தும் ஏறத்தாழ 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள் என்று 2017-ல் வெளியான நீண்டகாலத் தொடர்ச்சி சொல்கிறது. முன்பு எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றுதான் நிரந்தரத் தீர்வுக்கு வழி என்றிருந்த நோய் இது.

மருந்துக்கு அனுமதி கிடைத்த அதே 2001-ல்தான் அது சிலருக்கு ஏன் கைவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. அந்தப் புரதத்தில் 315-ஆம் இடத்தில் இருக்கிற திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறிவிட்டால் இமாட்டினிப் உள்ளே உட்கார முடிவதில்லை. டி315ஐ என்று இந்த மாற்றத்தைக் குறிப்பிடுவோம். ஒரே ஒரு எழுத்துப் பிழை அளவுக்கான மாற்றம்! இதை அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஆய்வாளர்களின் திறமை ஒரு காரணம் என்றால், நோயாளியின் கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்திலேயே நோய் இருந்தது இன்னொரு காரணம். மருந்து தொடங்கும் முன் ஒரு குழாய், நோய் அடங்கியிருக்கும்போது ஒரு குழாய், திரும்பி வரும்போது ஒரு குழாய். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் உறைபெட்டியில் ஒரே நோயாளியின் மாதிரிகள் பல வருடத்துக்கு வரிசையாக இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயின் அளவை எண்ணாக எழுதி, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. எல்லாப் புற்றுநோயிலும் இப்படிப் பார்க்க முடியாது என்பது அறிவுக்குத் தெரியும், ஆனால் நுரையீரல் பக்கம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

நுரையீரலில் மாதிரி என்றால் பயாப்ஸி. மூச்சுக்குழாய் வழியாக பிராங்கோஸ்கோப் விட்டோ, சிடி ஸ்கேன் பார்த்துக்கொண்டே நெஞ்சுச் சுவர் வழியாக ஊசி செலுத்தியோ எடுக்கிறார்கள். ஊசி போகிற இடத்தில் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு, ஏற்கெனவே மூச்சு வாங்குகிற மனிதருக்கு அது சின்ன விஷயமல்ல. இவ்வளவுக்குப் பிறகு கிடைப்பது நூல் மாதிரி மெல்லிய ஒரு திசுத் துண்டு. அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவார்கள். அதிலிருந்து சீவி எடுக்கும் முதல் சில சீவல்கள் இது புற்றுநோய்தானா, எந்த வகை என்று பார்க்கப் போய்விடும். அடுத்தவை எந்த மருந்து பொருந்தும் என்று காட்டும் பிடிஎல்1, ஏஎல்கே போன்ற சாயப் பரிசோதனைகளுக்கு. மிச்சம் இருந்தால் மரபணு. அதற்கும் பிறகு ஏதாவது இருந்தால்தான் ஆய்வுக்கு. நான் கேட்டுப்போகும்போதெல்லாம் எங்கள் நோய்க்குறியியல் மருத்துவர் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "டாக்டர், இந்த பிளாக்கில் இனி வெட்ட ஒன்றுமில்லை." அவர் சொல்வது சரி. நோயாளியின் சிகிச்சைக்கு என்று எடுத்த திசு அவருடைய சிகிச்சைக்குத்தான் முதலில் போக வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

இருந்தாலும் லுக்கேமியாவில் கற்றது நுரையீரலில் வீண்போகவில்லை. 2004-ல் ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் இருப்பவர்களுக்குத்தான் ஜெஃபிட்டினிப் என்ற மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று மூன்று குழுக்கள் அடுத்தடுத்து எழுதின. அடுத்த வருடமே எதிர்ப்புக்கான காரணமாக டி790எம் வந்தது. 790-ஆம் இடத்தில் திரியோனின் மெத்தியோனினாக மாறுகிறது. ஏபிஎல் புரதத்தில் 315-ஆம் இடம் எதுவோ, ஈஜிஎஃப்ஆரில் 790-ஆம் இடம் அதேதான். இரண்டும் மருந்து நுழையும் வாசலைக் காக்கும் அமினோ அமிலங்கள். இதை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, ஏதோ தெரிந்தவரை வேறு ஊரில் பார்த்ததுபோல. டி315ஐ போலவே இதுவும் மருந்துக்கு வழி மறிக்கிறது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஆனால் 2008-ல் அமைப்பு ஆய்வு செய்தவர்கள் வேறு ஒன்றைக் காட்டினார்கள்: டி790எம் முக்கியமாகச் செய்வது, செல்லின் இயல்பான எரிபொருளான ஏடிபியின் மீது புரதத்தின் பிடியைக் கூட்டுவது. மருந்து உள்ளே போக முடிகிறது, போட்டியில் தோற்றுவிடுகிறது. அதனால்தான் பக்கத்தில் 797-ஆம் இடத்திலிருக்கும் சிஸ்டீனோடு விடுபடாமல் பிணைந்துகொள்ளும் ஓசிமெர்ட்டினிப் போன்ற மருந்து வேலை செய்கிறது. அப்புறம் அந்தச் சிஸ்டீனே செரீனாக மாறி, அந்த மருந்துக்கும் எதிர்ப்பு வந்தது தனிக் கதை.

ரத்தத்தில் கற்றது நுரையீரலுக்கு நேராகவே உதவியதற்கு எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயுகி மானோ. இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டு புற்றுநோயை உண்டாக்குவது ரத்தப் புற்றுநோய்களின் குணம், நுரையீரல் மாதிரியான திடக்கட்டிகளில் அதைத் தேடுவதில் பயனில்லை என்று வெகுகாலம் பலர் நினைத்திருந்தார்கள். ரத்தவியல் பின்னணியிலிருந்து வந்த மானோ தேடினார். 2007-ல் அவருடைய குழு நுரையீரல் புற்றுநோயில் ஈஎம்எல்4 என்ற மரபணு ஏஎல்கேயோடு ஒட்டியிருப்பதைக் காட்டியது. ஏஎல்கே என்பதே 1994-ல் ஒருவகை லிம்ஃபோமாவில் (நிணநீர்ப் புற்றுநோய்) முதலில் அறியப்பட்ட மரபணு. நான்கே வருடத்தில், 2011-ல், கிரிசோட்டினிப் என்ற மருந்து அந்த நோயாளிகளுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு துறையின் பழக்கத்தை இன்னொரு துறைக்குள் கொண்டுபோனதால் நோயாளிகளின் ஆயுள் நீண்டது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் எண்களைப் பார்த்தால் மனம் கனக்கும். லுக்கேமியாவில் 10 வருடக் கணக்கைப் பேசுகிறோம். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள முற்றிய நுரையீரல் புற்றுநோயில் முதல் சிகிச்சையாகக் கொடுத்த ஓசிமெர்ட்டினிப் நோயை வளரவிடாமல் வைத்திருந்த காலத்தின் இடைநிலை 18.9 மாதம், பழைய மருந்துகளுக்கு 10.2 மாதம். இது உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தும் மாதங்களில்தான் பேசுகிறோம். ஆரம்ப நிலையில் இருக்கும் நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா பெரும்பாலும் ஒரே இயந்திரத்தில் ஓடுகிறது. நுரையீரல் கட்டியோ ஒரே மனிதருக்குள் ஒரு மூலையில் ஒருவிதமாகவும் இன்னொரு மூலையில் வேறுவிதமாகவும் மாறிப்போயிருக்கிறது. 2017-ல் ட்ரேசர்எக்ஸ் ஆய்வு முதல் 100 நோயாளிகளின் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்து இதைத் தெளிவாகக் காட்டியது. அப்படியானால் ஒரே ஒரு ஊசித் துண்டை வைத்து நாங்கள் எழுதுகிற வரிகளுக்கு எவ்வளவு கனம் கொடுக்கலாம்?

இங்கேதான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகள் பலனிழந்தவர்களில் பாதிப் பேருக்கு டி790எம் இருக்கிறது என்று எல்லோரும் எழுதுகிறோம். யாரில் பாதி? இரண்டாவது முறை பயாப்ஸி எடுக்க முடிந்தவர்களில் பாதி. கட்டி எட்டாத இடத்தில் வளர்ந்தவர்கள், படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள், போதும் டாக்டர் இன்னொரு ஊசி வேண்டாம் என்று சொன்னவர்கள், எடுத்தும் திசு போதாமல் போனவர்கள், இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. பொதுவாகக் கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரி, அதுவும் பின்னிணைப்பில். நாங்கள் அனுப்பிய ஒரு கட்டுரையில் இவர்களை முதல் படத்திலேயே போட்டிருந்தோம், இது வாசகரைத் திசை திருப்புகிறது, பின்னால் தள்ளுங்கள் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினார். மறுத்து நீளமாகவே பதில் எழுதினோம். மாதிரி கிடைக்காதவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிட நோய் முற்றியவர்கள். அவர்களை விட்டுவிட்டு எடுக்கிற சதவீதம் உடல் தெம்பு உள்ளவர்களின் சதவீதம், நோயின் சதவீதம் இல்லை. படம் இருந்த இடத்திலேயே வெளிவந்தது.

இந்தச் சிக்கலில் பெரிய ஆறுதலாக வந்தது ரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏ. செத்துப்போகும் புற்றுநோய் செல்கள் தங்கள் டிஎன்ஏ துணுக்குகளை ரத்தத்தில் விடுகின்றன, அவற்றை ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவில் தேடலாம். 2016-ல் ஈஜிஎஃப்ஆருக்கான இப்படியொரு பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது, லுக்கேமியாக்காரர்களான எங்களுக்கு இருந்த வசதி கடைசியில் நுரையீரலுக்கும் வந்துவிட்டது என்று மனசு நிறைந்தது.

கூடவே ஒரு தொல்லையும் வந்தது, அதுவும் ரத்தத்திலிருந்தே. வயதாக ஆக எலும்பு மஜ்ஜையில் சில தாய் செல்கள் மரபணு மாற்றங்களோடு பெருகிவிடுகின்றன. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேரிடம் இது இருப்பதாக 2014-ல் வந்த ஆய்வுகள் காட்டின. அவர்களுக்கு லுக்கேமியா கிடையாது, பெரும்பாலோருக்கு வரப்போவதும் இல்லை. ஆனால் அந்தச் செல்களின் டிஎன்ஏவும் பிளாஸ்மாவில்தான் மிதக்கிறது. நுரையீரல் நோயாளியின் பிளாஸ்மாவில் டிபி53 என்ற மரபணுவின் மாற்றம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கட்டி புதிதாக மாறிவிட்டது என்று எழுதினால், அது அவருடைய வெள்ளணுக்களிலிருந்து வந்ததாக இருக்கக்கூடும். 2019-ல் புற்றுநோயாளிகளின் பிளாஸ்மாவை மிக ஆழமாகப் படித்த ஓர் ஆய்வில், கிடைத்த மாற்றங்களில் பாதிக்கும் மேல் இப்படி ரத்த செல்களிலிருந்து வந்தவற்றுக்கான அடையாளங்களோடு இருந்தன.

தீர்வு எளிது: அதே நோயாளியின் வெள்ளணுக்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே பிளாஸ்மா, கீழே சிவப்பணுக்கள், நடுவில் மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். நான் வந்து சேர்ந்த குழுவில் பிளாஸ்மாவை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கழிவில் போடுவதுதான் வழக்கமாக இருந்தது. யாரையும் குறை சொல்லவில்லை, நுரையீரலைப் படிப்பவருக்கு அந்தப் படலம் எதற்கு? லுக்கேமியாவிலிருந்து வந்த எனக்கோ அதைத் தூக்கிப் போடக் கை வராது, எங்கள் நோயே அந்தப் படலத்தில்தான் இருந்தது. இப்போது இரண்டையும் தனித்தனியாகச் சேமிக்கிறோம், கட்டுரையில் எந்த மாற்றம் கட்டியுடையது, எந்த மாற்றம் ரத்தத்துடையது என்று பிரித்தே எழுதுகிறோம். பிளாஸ்மாவை மட்டும் பார்த்து எழுதப்பட்ட பழைய முடிவுகளை, மாதிரி மிச்சம் இருக்கிறவர்கள் இப்படி மறுபடி சரிபார்த்தால் நல்லது, முடிவு மாறினாலும் மாறாவிட்டாலும் அதையும் வெளியிட்டால் இன்னும் நல்லது.

பிளாஸ்மாவும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. சில கட்டிகள் ரத்தத்தில் டிஎன்ஏவை மிகக் குறைவாகவே விடுகின்றன, குறிப்பாக நோய் மூளையில் மட்டும் திரும்பி வந்தால் பிளாஸ்மாவில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். நுரையீரல் புற்றுநோய் மூளைக்குப் போவது அரிதல்ல. அவர்களுக்கு முதுகுத் தண்டுவட நீரில் தேடிப் பார்க்கிறார்கள், அந்த நீரை எடுக்க மறுபடி ஒரு ஊசி, மறுபடி சம்மதம் கேட்க வேண்டும், சிலர் தருவார்கள், சிலர் மறுப்பார்கள். எங்கள் குழு அடுத்து அந்த வேலையைத்தான் தொடங்குகிறது. இந்த முறை மறுப்பவர்களின் மருத்துவ விவரங்களையும் அவர்கள் அனுமதிக்கிற அளவுக்குப் பதிவு செய்ய வேண்டும் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிட்டோம்.