வினைச்சொல் வருவதற்குள்

என் வேலையை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. "டப்பிங்கா?" என்பார்கள். வசனங்களுக்கு நடுவே திரையில் நடப்பதைப் பார்வையற்றவர்களுக்கு ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலுக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒலி விவரணை, இங்கிலீஷில் ஆடியோ டிஸ்கிரிப்ஷன். மும்பை அந்தேரி மேற்கில் எங்கள் ஸ்டுடியோவில் வெறும் 'ஏடி'.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வந்தது 2016இல். எங்களுக்கு வேலை வரத் தொடங்கியதோ பல வருஷம் கழித்து. 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் 'பதான்' படத்தின் ஓடிடி வெளியீட்டுக்கு ஒலி விவரணையும் சப்டைட்டிலும் வேண்டும் என்றது. 2024 மார்ச்சில் தியேட்டர்களுக்கு ஒன்றிய அரசின் வழிகாட்டுதல் வந்தது. தானாக மனம் இரங்கி வந்த தயாரிப்பாளரை நான் இன்னும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் தியேட்டரில் புதிதாக எதுவும் மாட்ட வேண்டியதில்லை. விவரணையை முன்பே செல்போனில் இறக்கிக்கொண்டால், செயலி படத்தின் ஒலியைக் கேட்டே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காதில் இயர்போன், அவ்வளவுதான்.

கஷ்டம் தமிழில்தான். பெரும்பாலும் இங்கிலீஷ் ஸ்கிரிப்ட் ஒன்று வரும், "அப்படியே தமிழ் பண்ணிடுங்க" என்ற குறிப்போடு. ஒரு காட்சி. எனக்குக் கிடைத்த இடைவெளி மூன்று விநாடி. "அடுப்பருகே நின்று அந்தக் கடிதத்தை எரிக்கிறாள்" என்று எழுதினேன். மிக்ஸிங்கில் கேட்டால், 'எரிக்கிறாள்' வரும் இடத்தில் குக்கர் விசில். படித்தாளா, கிழித்தாளா, யாருக்குத் தெரியும்? நம் வாக்கியத்தில் உயிரே கடைசியில் அல்லவா இருக்கிறது. "எரிக்கிறாள், கடிதத்தை" என்று திருப்பிப் போட்டேன். தமிழ் வாத்தியார் பார்த்தால் சுழிப்பார். ஆனால் திண்ணையில் கதை சொல்கிற பாட்டி இப்படித்தான் சொல்வாள்.

முகமூடி போட்ட கொலையாளி வந்தால் இன்னும் மோசம். வருகிறான் என்றாலும் வருகிறாள் என்றாலும் இடைவேளை ரகசியம் அங்கேயே உடைந்துபோகும். 'ஓர் உருவம் வருகிறது' என்று நழுவலாம். நாலு தடவை நழுவினால் கேட்பவருக்கே சந்தேகம் வந்துவிடும். இன்ஸ்பெக்டர் 'வருகிறார்', திருடன் 'வருகிறான்' என்று எழுதும்போது நானே தீர்ப்பு எழுதுவதுபோல் கை கூசும்.

பக்கத்து மேஜையில் காது கேளாதவர்களுக்கான கேப்ஷன். 'மெல்லிய இசை' என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சோதனைக்கு வந்த பெண் செல்போனில் தட்டிக் காட்டினார்: "எந்த வாத்தியம்?" நாதஸ்வரம். அந்த ஒரு சொல்லை எழுதியிருந்தால், கதவுக்கு அப்பால் கல்யாணம் நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு வாய்த்த பரிசோதகர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், செம்பூரில் இருக்கிறார், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லை. முதல் நாளே பிடித்துக்கொண்டார். 'சோகமாகப் பார்க்கிறாள்' என்று எழுதியிருந்தேன்.

"சோகம்னு நீ ஏன்டே சொல்லுத? அவ என்ன செஞ்சான்னு சொல்லு. சோகமா இல்லையான்னு நான் பாத்துக்கிடுதேன்."

அவள் செய்தது, சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தது. அதை எழுதினேன்.

போன வாரம் ஒரு மழைக் காட்சி. வசனமே இல்லை, முழுசாக நாற்பது விநாடி. ஆசை தீர எழுதியிருந்தேன்: ஓட்டில் வழியும் நீர், தெருவிளக்கு, நனைந்த நாய். அண்ணாச்சி கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"சும்மா இருடே. மழையக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் 'அவளிடம் குடை இல்லை' மட்டும் மிஞ்சியது. அதையும் எடுத்துவிடவா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது சத்தத்துல தெரியாதுல்லா. இருக்கட்டும்."