எஸ்பிஎம் முடிச்சிட்டு நான் கரண்ட் வேலைக்கு போன கதை

நான் எஸ்பிஎம், அதாவது மலேசியாவுல ஃபார்ம் ஃபைவ் முடிவுல எழுதுற பரீட்சை, எழுதுனது 2017ல. பட்டர்வொர்த்ல ஃப்ளாட் வீடு, அப்பா லோரி ஓட்டுறாரு, அம்மாவுக்கு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை. பரீட்சை முடிஞ்சு ரிசல்ட்டுக்கு மார்ச் வரைக்கும் காத்திருக்கணும்ல, அந்த நேரத்துல பக்கத்து வீட்டு அண்ணன், "சும்மா தானடா இருக்க, தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல் வயரிங் இருக்கு, வா தம்பி"ன்னு கூட்டிட்டு போனாரு. அவரு பிறை பக்கம் ஒரு ஃபேக்டரியில சார்ஜ்மேன், கரண்ட் வேலைய பொறுப்பா பாக்க சர்டிபிகேட் வாங்குனவரு.

2018ல ஜனவரி 31 தைப்பூசம், அன்னிக்கே சந்திர கிரகணமும் வந்துச்சு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ராத்திரி நல்ல மழை, பந்தல்ல மொத்த லைட்டும் ஆஃப். கரண்ட் கசிஞ்சா தானா விழுற மெயின் சுவிட்ச், ஆர்சிசிபி, ட்ரிப் ஆகியிருக்கு, தூக்கி விட்டா உடனே விழுது. எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அண்ணன் மட்டும் ஒண்ணும் பேசல. சுவிட்ச் எல்லாம் இருக்குற டிபி பாக்ஸ்ல இருந்த சின்ன சுவிட்ச் எல்லாத்தையும் கீழ இறக்குனாரு, மெயின தூக்குனாரு, நின்னுச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா மேல தூக்குனாரு. மூணாவதுக்கு போனதும் டக்குன்னு விழுந்துருச்சு. "இந்த லைன்ல தான் கசியுது, டார்ச்ச பிடி"ன்னு சொல்லி வயர் போன வழியிலயே நடந்தோம். பேனருக்கு பின்னாடி ஒரு ஜாயிண்ட், மேல வெறும் டேப் சுத்தி வச்சிருந்தாங்க, உள்ள தண்ணி நிக்குது. அத வெட்டி எடுத்து புதுசா ஜாயிண்ட் போட்டு டப்பாவுக்குள்ள வச்சு மூடுனாரு, அவ்ளோதான், பந்தல் முழுக்க வெளிச்சம். எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, இத கத்துக்கணும்னு அவ்ளோ ஆசை.

ரிசல்ட் வந்துச்சு. அஞ்சு கிரெடிட், கூடுதல் கணிதம் ஃபெயில். மாமா யூனிவர்சிட்டிக்கு முன்னாடி படிக்கிற ஃபார்ம் சிக்ஸ்னாரு, அம்மாவுக்கு நான் ஏர்கோன் ஆபீஸ்ல உக்காரணும்னு ஆசை, கரண்ட் வேலைன்னு சொன்னதும் அழுதுட்டாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது, வெயில்ல நின்னு வேலை செஞ்ச குடும்பம், பையனாவது நிழல்ல இருக்கணும்னு நெனைச்சாங்க.

அப்போ ஒரு கல்விக் கண்காட்சிக்கு போனோம். ஒரு தனியார் காலேஜ் ஏஜெண்ட் டிப்ளோமா ஒண்ணு இருக்கு, லோன் கண்டிப்பா கெடைக்கும், இன்னைக்கே பதிஞ்சா தான் தள்ளுபடின்னு விடாம பேச, அப்பா அங்கயே 500 வெள்ளி (ரிங்கிட்) கட்டிட்டாரு. திங்கக்கிழமை ஸ்கூலுக்கு போய் கவுன்சலிங் டீச்சர்கிட்ட காட்டுனேன், அவங்க படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற எம்க்யூஏ வெப்சைட்ல எம்க்யூஆர்னு அங்கீகாரம் வாங்குன கோர்ஸ் லிஸ்ட் இருக்கும், அத திறந்து தேடச் சொன்னாங்க. காலேஜ் பேரு இருக்கு, நாங்க பதிஞ்ச கோர்ஸ் இல்ல. அங்கீகாரம் இல்லாத கோர்ஸுக்கு பிடிபிடிஎன்ங்கிற அரசாங்க படிப்புக் கடன் கெடைக்காது, அரசாங்க வேலைக்கும் ஆகாது. 500 வெள்ளி திரும்ப வரல. அப்பா அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல, எனக்கு அது தான் ரொம்ப வலிச்சுச்சு. தயவுசெஞ்சு சொல்றேன், காலேஜ் பேர மட்டும் பாக்காதீங்க, கோர்ஸ் பேர போட்டு தேடுங்க, பணம் கட்டுறதுக்கு முன்னாடி.

அதே டீச்சர் தான் ஒரு தாள்ல படிக்கட்டு மாதிரி வரைஞ்சு காட்டுனாங்க. எஸ்கேஎம்ங்கிற கைத்தொழில் சர்டிபிகேட் 1, 2, 3, அதுக்கு மேல நாலாவது டிகேஎம்ங்கிற டிப்ளோமா, அஞ்சாவது டிஎல்கேஎம்ங்கிற உயர் டிப்ளோமா, டிகேஎம் முடிச்சவங்கள பெர்லிஸ்ல யூனிமேப் மாதிரி டெக்னிக்கல் யூனிவர்சிட்டியில டிகிரிக்கும் எடுக்குறாங்க. கைத்தொழிலுக்கு போனா அதோட படிப்பு முடிஞ்சுதுன்னு தான் எங்க வீட்டுல எல்லாரும் நெனைச்சிருந்தாங்க, அந்த தாள பாத்ததும் அம்மா கொஞ்சம் அமைதியானாங்க. அடுத்த வாரம் அப்பா எங்கள நிபோங் திபாலுக்கு கூட்டிட்டு போனாரு, அங்க ஐஎல்பிங்கிற அரசாங்க தொழில் பயிற்சி நிலையத்துக்கே ஆறுமுகம் பிள்ளை பேரு வச்சிருக்காங்க. போர்டுல நம்ம ஆளு பேர பாத்துட்டு அம்மா ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டயே நின்னாங்க. எனக்கு கெடைச்சது வேற ஐஎல்பி, ஆனா சம்மதம் கெடைச்சது அங்க தான்.

ஹாஸ்டல் வாழ்க்கை பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. எஸ்கேஎம் 3 வரைக்கும் முடிச்சு பிறையில டெக்னீஷியனா சேந்தேன், மொத சம்பளம் கம்மி தான், ஃபார்ம் சிக்ஸ் போன கூட்டாளிங்க யூனிவர்சிட்டி போட்டோ போடும்போது மனசு கஷ்டமா இருக்கும், அத மறைக்க மாட்டேன். வேலை அனுபவம் சேந்ததும் சுருஹான்ஜாயா தெனாகாங்கிற எரிசக்தி ஆணையத்தோட சார்ஜ்மேன் ஏ0 சோதனைக்கு போனேன், அது 1000 வோல்ட் வரைக்கும் உள்ளது. மொத தடவ ஃபெயில். வாய்மொழி சோதனையில ஐசொலேட் பண்ற, அதாவது வேலைக்கு முன்னாடி கரண்ட துண்டிக்கிற வரிசைய கேட்டாங்க, கைக்கு தெரியுது, வாய்க்கு வரல. அண்ணன் ரெண்டு மாசம் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, மாமாக் கடையில தே தண்ணி வச்சுக்கிட்டு கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு. ரெண்டாவது தடவ பாஸ். அந்த சர்டிபிகேட் இப்போ சாமி மேடைக்கு பக்கத்துல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கு, மாட்டுனது அம்மா.

தங்கச்சிக்கு டீச்சராகணும்னு ஆசை, அவ ஃபார்ம் சிக்ஸ் தான் போறா, ஒன்றரை வருஷம், மூணு செமஸ்டர். அவளுக்கு அது தான் சரியான வழி, நானே ஃபாரம் நிரப்பி குடுத்தேன். பட்டர்வொர்த், பிறை பக்கம் ஃபார்ம் ஃபைவ் முடிச்ச தம்பி தங்கச்சிங்க யாராவது இந்த வேலை எப்படி இருக்கும்னு பாக்கணும்னு நெனைச்சா சொல்லுங்க, தைப்பூசத்துக்கு முந்துன வாரம் நானும் அண்ணனும் பந்தல்ல தான் இருப்போம், ரப்பர் சோல் ஷூ போட்டுட்டு வாங்க.