போயாவுக்கு முதல் நாள் பின்னேரம்

குடியை விட்டவர் திரும்ப விழும்போது வீட்டுக்காரர் கண்ணில் படுவது அந்த முதல் கிளாஸ் மட்டும்தான். விழத் தொடங்கியது பல நாட்களுக்கு முன்பு, சில வேளை இரண்டு கிழமைக்கு முன்பு. மத்தியானச் சாப்பாட்டைத் தவறவிட்டது, இரவு நித்திரை இல்லாமல் புரண்டது, வீட்டில் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது, "சும்மா சுகம் விசாரிப்பம்" என்று பழைய கூட்டாளிக்குப் போன் எடுத்தது. இதில் எதிலும் சாராயம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் அவரைப் பாருக்கு ஒரு அடி கிட்டக் கொண்டுபோகிறது. சங்கிலியை முதல் கண்ணியில் அறுப்பது லேசு. பார் வாசலில் நின்றுகொண்டு அறுப்பது மிகக் கடினம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது போயாவைப் பற்றி. பௌர்ணமியன்று வரும் போயா தினத்தில் நாடு முழுவதும் மதுக்கடை பூட்டு. அதனால் குடியை விட்டவர் போயாவை நினைத்துப் பயப்படுவதில்லை. பயப்பட வேண்டியது அதற்கு முதல் நாள் பின்னேரத்துக்கு. கடை வாசலில் வரிசை நீண்டிருக்கும், அடுத்த நாள் லீவு, "இண்டைக்கு வாங்காட்டி நாளைக்குக் கிடையாது" என்ற அவசரம் பார்ப்பவரையும் தொற்றும். விருந்தாளிக்கு என்று ஒரு போத்தலை வாங்கி அலுமாரியில் வைப்பதும் அன்றைக்குத்தான் நடக்கும். வீட்டில் போத்தல் இருக்கவே கூடாது. விருந்தாளி தேத்தண்ணி குடிக்கட்டும்.

வருடத் தொடக்கத்தில் கலண்டரை எடுத்து போயாவுக்கு முதல் நாட்கள் எல்லாவற்றையும் சிவப்பால் வட்டமிடுங்கள். சம்பள நாள், மார்ச் மாத பிக் மாட்ச் (பாடசாலைக் கிரிக்கெட்) நாட்கள், சித்திரைப் புத்தாண்டு, நத்தார், வீட்டில் இழவு நடந்த திகதி, இவற்றையும் சேருங்கள். அந்த நாட்களில் பின்னேரம் 4 மணியிலிருந்து கடை பூட்டும் வரை எங்கே, யாரோடு இருக்கப் போகிறீர்கள் என்பதைக் காலையிலேயே ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது பாதை. கோட்டையில் வேலை முடிந்து 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதியால் வெள்ளவத்தைக்கு வருகிறவர், தான் வழமையாக இறங்கிய பாரைத் தினமும் கடக்கிறார். அந்தப் போர்டு கண்ணில் பட்டதும் வாயில் நீர் ஊறுவதும் நெஞ்சு படபடப்பதும் மன உறுதி இல்லாததால் அல்ல. அந்த இடத்தையும் அந்த நேரத்தையும் மூளை குடியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. முடிச்சுத் தளர மாதக்கணக்காகும். அதுவரை கோட்டையில் ரயில் ஏறுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி என்று கடலோரமாகவே வீடு வந்துவிடலாம். நெரிசல்தான், ஆனாலும் அந்தப் போர்டு கண்ணில் படாது.

காசும் ஒரு தூண்டல்தான், அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. முதல் 3 மாதமாவது சம்பளம் போகும் கணக்கின் காட் மனைவியிடமோ அக்காவிடமோ இருக்கட்டும். சட்டைப் பையில் பஸ் காசும் தேத்தண்ணிக் காசும் போதும். ஒரு காற்போத்தலுக்குக் காணாத அளவு என்பதுதான் கணக்கு. கடனுக்குத் தரும் கடைக்காரரிடம் நேரில் போய், பகலில், இனித் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். வெட்கமாக இருக்கும். அந்த ஒரு வெட்கம் பல பின்னேரங்களைக் காப்பாற்றும்.

குடிக்க வேண்டும் என்ற உந்தல் கிளம்பும்போது முதலில் நாலு கேள்வி: பசிக்கிறதா, கோபமா, தனிமையா, களைப்பா? பாதி நேரம் விடை பசியாகத்தான் இருக்கும். பின்னேரம் 5 மணிக்கு இரண்டு பனிஸும் சீனி போட்ட பிளேன் டீயும் உள்ளே போனால் 6 மணி உந்தலின் கூர் மழுங்கும். மீதிக்கு மணிக்கூட்டைப் பாருங்கள். உந்தல் அலை மாதிரி ஏறி, உச்சிக்கு வந்து, இறங்கும். பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம். அதோடு சண்டை பிடிக்க வேண்டாம், இருக்கும் இடத்தை மாற்றுங்கள். எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள், போன் எடுங்கள்.

போனில் மூன்று இலக்கங்கள் தயாராக இருக்க வேண்டும், முதலாவது ஆள் எடுக்காமல் விடலாம். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்: "நான் எடுத்தால் புத்திமதி வேண்டாம், 20 நிமிடம் கதைத்துக்கொண்டிருந்தால் போதும்." யாருமே இல்லையென்றால் 1927, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம். மனம் மிகவும் குலைந்திருந்தால் 1926, அது தேசிய மனநல நிறுவனத்தினுடையது. நேரில் போய்க் கதைக்க விரும்புகிறவர்களுக்குச் சுமித்ரயோ தொண்டு அமைப்பின் குடி, போதைப் பழக்க உதவி நிலையமான மெல் மெதுர கொழும்பு 7, ஹோர்டன் பிளேஸில் இருக்கிறது.

உங்களுடைய தூண்டல் எது என்று ஊகித்துக்கொண்டிராமல் 14 நாள் கொப்பியில் எழுதுங்கள். நேரம், இடம், கூட இருந்தவர், மனநிலை, உந்தலுக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி. வேலைச் சுமைதான் காரணம் என்று நினைத்தவரின் கொப்பியில் ஞாயிறு மத்தியானம் தனியே இருக்கும் நேரம் 8, 9 என்று நிற்கலாம். அப்போது மாற்ற வேண்டியது ஞாயிறை.

கலியாண வீட்டுக்குப் போவதென்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். போனதும் ஒரு சோடாவைக் கையில் எடுங்கள், வெறுங்கையைக் கண்டால்தான் கிளாஸை நீட்டுவார்கள். பதில் ஒரே வரி: "நான் குடிக்கிறதில்லை, மச்சான்." வேலையிடத்தில் அதையே சிங்களத்தில்: "மம பொன்னே நே." அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், விளக்கம் கொடுத்தால் வாக்குவாதம் தொடங்கும். "மருந்து எடுக்கிறன்" என்ற பொய்யையும் நான் விரும்புவதில்லை. அடுத்த மாதம் "மருந்து முடிஞ்சுதோ?" என்று கேட்பார்கள். திரும்பி வரும் வழி உங்கள் கையில் இருக்க வேண்டும், குடிக்கப் போகிறவரின் வாகனத்தில் ஏறிப் போகாதீர்கள். செத்த வீட்டுக்குப் பகலில் போய் வாருங்கள், இரவு காட்ஸ் விளையாடும் வட்டத்தில் உட்கார வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகும் ஒரு கிளாஸ் போய்விடலாம். அந்தக் கிளாஸைவிட ஆபத்தானது அதன் பின் வரும் நினைப்பு: "எல்லாம் போச்சு, இனி ஒண்டெண்டாலென்ன பத்தெண்டாலென்ன." உளவியலாளர் அலன் மார்லட் இந்த நினைப்பைத் தனியாகப் பிரித்து விளக்கினார். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவதில் குற்ற உணர்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த இடத்தைவிட்டு எழும்புங்கள். மிச்சத்தை ஊற்றுங்கள். படுக்குமுன் ஒருவரிடமாவது சொல்லுங்கள். மறுநாள் காலை கொப்பியில் அந்தக் கிளாஸிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்: அதற்கு முன் எங்கே, அதற்கு முன் யார், அதற்கு முன் என்ன கோபம்.

பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டிருந்தால் கணக்கு வேறு. அப்போது வீட்டில் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை கை நடுங்கி, இல்லாததெல்லாம் தெரிந்து, புத்தி தடுமாறலாம். அது உயிருக்கு ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடு (ஹெரோயின்) பாவித்தவர் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்தால் பழைய அளவே உயிரைப் பறிக்கும், உடம்பு அந்தத் தாங்கு சக்தியை இழந்திருக்கும்.

வீட்டாருக்கு இரண்டு விஷயம். குடித்தால் ஒத்துக்கொள்ளாத டைசல்பிராம் மாத்திரையைத் தேத்தண்ணியில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். அது தெரியாமல் சாராயம் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம், மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு கிழமை வரை அதன் தாக்கம் இருக்கும். மற்றது, வாசலில் வைத்து வாயை ஊதிக் காட்டச் சொல்லாதீர்கள். குடிக்காமல் வந்த நாளிலும் சந்தேகம்தான் என்றால், அந்தக் கோபமே அடுத்த தூண்டலாகிவிடும். சிவப்பு வட்டமிட்ட நாளில் பின்னேரம் 5 மணிக்கு ஒரு போன் எடுத்து, சாப்பிட்டாரா, எந்த ரயிலில் வருகிறார் என்று கேளுங்கள்.