நோங்ரியாத் வேர்ப்பாலத்தில் ஒரு முற்பகல்

பள்ளிப் புத்தகத்தில் சிரபுஞ்சி என்று நாம் படித்த மேகாலய ஊரை அங்குள்ள காசி (Khasi) பழங்குடி மக்கள் சோரா என்றே அழைக்கிறார்கள். அதன் அருகிலுள்ள தீர்னாவிலிருந்து 3,000-க்கும் மேற்பட்ட படிகளில் இறங்கி நோங்ரியாத் கிராமத்தை அடைந்தேன் (ஏறி வந்த கதையை என் முழங்கால்கள்தான் சொல்ல வேண்டும்).

அங்குள்ள ஈரடுக்குப் பாலம் கட்டப்பட்டதன்று, வளர்க்கப்பட்டது. ஓடைக்கரையில் நிற்கும் இந்திய ரப்பர் மரத்தின் வேர்களை, மூங்கிலையோ உட்குடைந்த பாக்கு மரத்தண்டையோ வழியாக வைத்து மறுகரைக்கு நடத்திச் சென்று, அவை மண்ணைப் பற்றிப் பருத்து ஆள்நடையைத் தாங்கும்வரை பல ஆண்டுகள் காத்திருக்கிறார்கள். ஓயாத மழையில் வெட்டிப் போட்ட மரம் உளுத்துப்போக, உயிருள்ள வேரோ ஆண்டுக்கு ஆண்டு வலுக்கிறது. 2022-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இப்பாலங்கள் சேர்க்கப்பட்டன.

பாலத்தைவிட என்னை அதிகம் நிறுத்தி வைத்தவர்கள் மனிதர்கள். காசி மொழி, கம்போடியாவின் கெமர், மியான்மரின் மோன் மொழிகளின் உறவினம். 1841-இல் சோராவுக்கு வந்த வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் தாமஸ் ஜோன்ஸ் அதை ரோமன் எழுத்தில் எழுதத் தொடங்கினார். பிள்ளைகள் தாயின் குலப்பெயரையே ஏற்கிறார்கள்; பரம்பரைச் சொத்து கடைசி மகளுக்குச் செல்கிறது, பெற்றோரைப் பேணும் பொறுப்பும் அவளுடையதே.

நான் தங்கிய வீட்டு அம்மையார் முதலில் நீட்டியது வெற்றிலை, சுண்ணாம்பு, பச்சைப்பாக்கு. தாம்பூலம் பழகிய வாய்தானே என்ற துணிவில் மென்றேன்; அந்தப் பாக்கின் காரத்தில் காது மடல்வரை வியர்த்துவிட்டது.