புல்லில் ஊன்றிய கை

மேய்ன் மாநிலக் கடற்கரையில் நாங்கள் இரவு தங்கிய ஊர் சின்னது. அங்கே நூலக வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ஓவியர் ஆண்ட்ரூ வயத் பற்றிய பேச்சு, மாலை ஆறரை மணி, அனுமதி இலவசம். சிங்கி இறால் சாப்பிடப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, நானும் மனைவியும் உள்ளே போனோம்.

மடக்கு நாற்காலிகளில் இருபது பேர் இருந்திருப்போம். பேசியவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. முதலில் ஒரு முட்டையை உடைத்தார். வெள்ளைக்கருவை விரலிடுக்கில் வழியவிட்டு, மஞ்சள்கருவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி மாற்றி உருட்டி ஈரத்தைப் போக்கினார். அப்புறம் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து ஊசியால் குத்தினார். கரு கிண்ணத்தில் சொட்ட, மெல்லிய தோல் விரலிலேயே நின்றது. கருவோடு வண்ணப்பொடியும் தண்ணீரும் கலந்தால் டெம்பரா. பூசியதுமே காய்ந்துவிடும், எண்ணெய் வண்ணம்போல இழுத்துக் குழைக்க முடியாது. அதனால்தான் வயத்தின் வயல்களில் புல் ஒவ்வொன்றும் தனிக் கோடு.

பிறகு ‘கிறிஸ்டினாவின் உலகம்’ திரையில் வந்தது. 1948இல் தீட்டியது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். நான்கடி அகலம் இருக்கும். இளஞ்சிவப்பு உடையில் யாரோ ஒரு சின்னப் பெண் புல்லில் சாய்ந்திருக்கிறாள் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். அதை இப்போதும் பொறுக்க முடியவில்லை. கிறிஸ்டினா ஓல்சனுக்கு அப்போது வயது 55. கால்கள் செயலிழந்தவர்; சக்கர நாற்காலி வேண்டாம் என்று, கையை ஊன்றி உடலை இழுத்தே வயலைக் கடப்பார். மாடி ஜன்னலிலிருந்து வயத் அதைப் பார்த்தார். உடலுக்கு மாதிரியாக உட்கார்ந்தவர் அவருடைய மனைவி பெட்ஸி, வயது 26. மெலிந்த கைகள் மட்டும் கிறிஸ்டினாவுடையவை. ஆசிரியை அந்தக் கைகளைப் பெரிதாக்கிக் காட்டியபோது மனைவி என் காதருகே, “உங்க அப்பத்தாவும் கடைசியில இப்படித்தானே நகந்து வாசலுக்கு வருவாங்க” என்றாள்.

மறுநாள் காலையில், கிறிஸ்டினாவின் வீடு இருக்கும் குஷிங் என்ற ஊருக்குப் போனோம். வெயிலும் உப்புக்காற்றும் பட்டுச் சாம்பல் நிறமாகிவிட்ட பலகை வீடு, மேட்டின்மேல் நிற்கிறது. படத்தில் வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே உள்ள இடைவெளி வயத்தின் கற்பனை. அருகிலேயே ஒரு சிறு கல்லறைத் தோட்டம். 1968இல் இறந்த கிறிஸ்டினாவும், 2009இல் இறந்த வயத்தும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

புல்வெளியில் உட்கார்ந்து கைகளைப் பின்னால் ஊன்றிப் பார்த்தேன். புல் நுனிகள் உள்ளங்கையில் குத்தின. அங்கிருந்து பார்க்க, வீடு வெகு உயரத்தில் இருந்தது.