ஞாயித்துக்கிழமை மண்ணு மிதிக்க வாங்க

பாலக்கோடு பக்கம் எங்க தோட்டத்துல வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு மண் ஓவன் கட்டறோம். வேடிக்கை பார்க்க இல்லைங்க, ஆளுக்கு ஒரு கை வைக்கணும்.

ஒரு பங்கு களிமண்ணு, ரெண்டு பங்கு மணல். மிதிச்சு உருண்டை பிடிச்சு, இடுப்பு உயரத்துல இருந்து கீழே போட்டுப் பார்க்கணும். உதிர்ந்தா களி பத்தல, சப்பையாப் பரந்தா தண்ணி அதிகம். ஈர மணலைக் குவிச்சு, நனைச்ச பேப்பரை ஒட்டி, அதுமேல இந்த மண்ணு. அப்புறம் உள்ள இருக்கிற மணலை அள்ளிட்டா ஓவன் கூடு நிக்கும். கூடு உள்ள 16 அங்குல உயரம்னா வாசல் உயரம் 10 அங்குலம். இந்தக் கணக்கு தப்பினா தீ சரியா எரியாது, இல்லன்னா சூடு நிக்காது.

முதல் ஓவன்ல ஈரம் காயறதுக்குள்ள பெருந்தீ மூட்டிட்டேன். மேல ஒரு விரல் நுழையற விரிசல். அதைப் பூசி வெச்சிருக்கேன், மத்தியானம் கேழ்வரகு ரொட்டி அதுலதான். காசு வேண்டாம், பழைய துணியோட வாங்க. குழந்தைகளையும் கூட்டிட்டு வாங்க, மிதிக்கறதுல அவங்கதான் கெட்டி.