கொரொவாய் மக்களுக்குத் துணி மூட்டை கட்டுவதற்கு முன்

பாப்புவா பழங்குடிகளுக்கு ஏதாவது செய்யலாமே என்ற பேச்சு கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் எழும்போதெல்லாம் முதலில் சேர்வது பழைய துணி. தயவுசெய்து துணி வேண்டாம். அடிக்கடி மழை பெய்யும் காட்டில், சோப்பும் மாற்றுத் துணியும் இல்லாமல் ஒரே சட்டையை நாள்கணக்கில் ஈரத்தோடு போட்டிருந்தால் படர்தாமரையும் சொறியும்தான் மிச்சம். பிறகு என்னதான் செய்வது என்று கேட்டால், அவர்கள் பிழைப்பிலிருந்துதான் பதிலைத் தொடங்க வேண்டும்.

கொரொவாய் மக்கள் இந்தோனேசியப் பாப்புவாவின் தென்பகுதி உட்காட்டில் வாழும் மெலனீசியர்கள். சில ஆயிரம் பேர். 1970களில்தான் வெளியார் தொடர்பு வந்தது. டச்சு மிஷனரிகள் யானிருமா என்ற இடத்தில் நிலையம் அமைக்கும்வரை அவர்களுக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. குலத்துக்கு ஒரு காடு, அந்தக் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் மரவீடுகள். வழக்கமான வீடு தரையிலிருந்து 8 முதல் 12 மீட்டர் உயரத்தில் இருக்கும். வானத்தைத் தொடும் வீடுகளைத் தொலைக்காட்சியில் பார்த்து மயங்க வேண்டாம். 2011ல் பிபிசி காட்டிய ஒரு வீடு படப்பிடிப்புக்காகவே கட்டப்பட்டது என்று அந்த நிறுவனமே 2018ல் ஒப்புக்கொண்டது. நிஜமான வீட்டில் பார்க்க வேண்டியது அடுப்பு. வீட்டுத் தளத்தில் ஓட்டை விட்டு, பிரம்பில் தொங்கவிட்ட தட்டில் களிமண் பூசி அதன்மேல் தீ மூட்டுவார்கள். தீ மிஞ்சினால் பிரம்பை வெட்டிவிட்டால் போதும், அடுப்பு மொத்தமும் கீழே விழுந்துவிடும், வீடு தப்பும்.

சோறு என்றால் அங்கே சாகு. தமிழ்நாட்டிலிருந்து வரும் ஜவ்வரிசி மரவள்ளி மாவு. இது அது இல்லை. சரவாக் மூக்காவில் மாவெடுக்கிறார்களே, அந்தச் சாகுப் பனை. பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தைப் பூ விடுவதற்குச் சற்று முன் சாய்க்க வேண்டும். பூத்துக் காய்த்துவிட்டால் தண்டிலுள்ள மாவை எல்லாம் பூவும் காயும் உறிஞ்சிவிடும், மிஞ்சுவது வெறும் நார். பட்டையை உரித்து, உள்சோற்றைக் கொத்தித் தூளாக்கி, மட்டையால் செய்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து வடிகட்டுவார்கள். மாவு அடியில் படிந்ததும் மேல்தண்ணீரை இறுத்துவிட்டு, ஈரமாவை இலையில் பொதிந்து எடுத்துப்போவார்கள். நல்ல மரம் ஒன்று 150 கிலோவுக்குக் குறையாமல் தரும். ஆனால் இதில் புரதம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டுவது காட்டுப்பன்றியும் மீனும், சாய்த்த மரத்தில் வளரும் புழுவும். நம்மூர்த் தென்னையைத் துளைக்கும் கூன்வண்டுக்கு உறவுக்கார வண்டின் புழுதான் அது. மரத்தை வெட்டிப் போட்டு ஒரு மாதம் ஒன்றரை மாதம் காத்திருந்து எடுக்கிறார்கள். பல குலங்களை அழைத்துப் பெரிய விருந்தே வைப்பார்கள்.

சிக்கல் இங்கேதான். பள்ளி, மருந்து, விமானத்தளம் எல்லாம் மிஷனரிகள் வந்தபின் உருவான ஊரில் இருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள சாகுவோ அந்த நிலத்துக் குலத்துடையது. வெளிக்காட்டிலிருந்து வந்து குடியேறியவன் அதில் கைவைக்க முடியாது. அதனால் குடும்பத்தோடு தன் காட்டுக்குத் திரும்பிப் போகிறான். தடுப்பூசிக் குழு வரும் நாளில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். அந்தப் பிள்ளைகளை அலட்சியக்காரர்களின் பிள்ளைகள் என்று எழுதிவைப்பது அநியாயம்.

இது சின்ன விஷயமில்லை. 2017 கடைசியிலும் 2018 தொடக்கத்திலும் பக்கத்து அஸ்மாட் பகுதியில் தட்டம்மையும் ஊட்டக்குறைவும் சேர்ந்து சுமார் 70 பிள்ளைகளின் உயிரைக் கொண்டுபோயின. தட்டம்மைத் தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். கரைத்தபின் 6 மணி நேரத்துக்குமேல் பயன்படுத்தக் கூடாது. படகில் ஒரு நாள், நடையில் ஒரு நாள் என்றால் பனிக்கட்டி எங்கே உருகும் என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும். இந்தோனேசிய அட்டவணைப்படி பிள்ளைக்கு 9ஆம் மாதத்தில் ஓர் ஊசி, 18ஆம் மாதத்தில் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரும்பாலும் தவறிப்போகிறது. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்க வேண்டும்: ஒரு வயது தாண்டியிருந்தால் நாளுக்கு 2,00,000 அலகு, 6 முதல் 11 மாதம் என்றால் அதில் பாதி.

மலேரியாவில் வேறொரு தொல்லை. மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டுவிடும். வைவாக்ஸ் எனும் வகை மலேரியாக் கிருமியோ ஈரலில் ஒளிந்திருக்கும். அதை ஒழிக்க பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் வேண்டும். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிடுகிறார்கள், மறுபடி வருகிறது. ஜி6பிடி எனும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு அதே மாத்திரை இரத்த அணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்த வேண்டும். இதைப் பார்த்துச் சொல்ல ஆள் அங்கேயே தங்கியிருந்தால்தான் உண்டு.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயில் ஒருவர் செத்தால் கக்குவா எனும் சூனியக்காரன் உள்ளிருந்து தின்றுவிட்டான் என்பது பழைய நம்பிக்கை. சாகிறவர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் உயிருக்கே ஆபத்து. முதல் ஞானஸ்நானங்கள் 1990களின் கடைசியில்தான் நடந்தன. ஆலயம் வந்ததும் இந்தப் பயம் ஓடிவிட்டது என்று நினைக்காதீர்கள். மருந்து கொடுத்தும் ஒருவர் இறந்தால், எதனால் என்று குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும். நம் மலாயைக் கொண்டு இந்தோனேசிய மொழியை ஒப்பேற்றிவிடலாம், ஆனால் காட்டிலிருக்கும் முதியவர்களிடம் அதுவும் செல்லாது.

ஆகவே பணம் சேர்த்தால், அந்த மொழி பேசும் பாப்புவா சுகாதார ஊழியரின் பல வருடச் சம்பளத்துக்கும், படகு பெட்ரோலுக்கும், குளிர்பெட்டிக்கும் கொடுங்கள். நேரில் போவதென்றால் போலீஸ் தரும் சுராட் ஜாலான் எனும் பயண அனுமதிச் சீட்டு இல்லாமல் உட்பகுதிக்குள் நுழையாதீர்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், தடுப்பூசி அவர்களிடம்தான் இருக்கிறது. இருமல் சளி உள்ள யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள்.